இரண்டு ஸ்கேனுக்கும் ஒரே கை

வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பதினோரு பேர், பதினோரு கணினிகள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறோம். வெளிச்சம் திரையில் விழுந்தால் ஒரு சாம்பல் நிறத்துக்கும் இன்னொரு சாம்பல் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே விளக்கு வைக்கிற நேரம் போலத்தான் இருக்கும். கீழே டைல்ஸ் அறுக்கும் சத்தம் தொடங்கினால் பத்தரை ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

மூளையில் இருக்கும் வெள்ளைத் திட்டுகளைக் குறிப்பது எங்கள் வேலை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தன் நரம்புகளின் மேலுறையையே தாக்கிவிடும். சிலருக்குக் கண் மங்கும், சிலருக்குக் கால் மரத்துப்போகும், சிலருக்கு நடை தள்ளாடும். பெரும்பாலும் இளம் வயதில் வருகிறது. தாக்கப்பட்ட இடங்கள் எம்.ஆர்.ஐ. படத்தில் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். ஒரு தலைக்கு நூற்றைம்பதுக்கும் மேல் படங்கள் வரும். மூளையை மேலிருந்து கீழாக மெல்லிய அடுக்குகளாகப் பிரித்தது போல. ஒவ்வோர் அடுக்காகப் போய், ஒவ்வொரு திட்டின் ஓரத்தையும் மின்பேனாவால் வரைந்து உள்ளே சிவப்பு நிரப்புவோம். கடைசியில் எத்தனை திட்டு, மொத்தம் எவ்வளவு கன அளவு என்று மென்பொருள் கூட்டிச் சொல்லும்.

ஒரு வருடம் கழித்து அதே ஆளின் இரண்டாவது ஸ்கேன் வரும். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லோருக்கும் வேண்டியது. திட்டு கூடவில்லை என்றால் மருந்து கேட்கிறது. கூடியிருந்தால் நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் குறிகள் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குப் போகின்றன. ஒரு நாள் மென்பொருளே தனியாகக் குறிக்கப் பழக வேண்டும். அது பழகுவதற்கு மனிதர் குறித்தது வேண்டும். நோயாளிக்கு மருந்து எழுதுவது நாங்கள் அல்ல, அதற்கு அவருடைய டாக்டர் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும். முகமும் இருக்காது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பெயர், வயது, ஊர் மூன்றும் இல்லாமல் ஒரு செய்தியையும் அச்சுக்கு விடாத பத்தொன்பது வருடப் பழக்கத்தோடு அங்கே போய் உட்கார்ந்தவள் நான். முகமில்லாத தலைகள் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்தப் பத்தொன்பது வருடமும் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் துணை ஆசிரியராக இருந்தேன். பக்கங்கள் அனைத்தையும் சென்னையிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவானபோது எங்கள் பிரிவை மூடினார்கள். ஊருக்குத் திரும்பி மூன்றாவது மாதம் இந்த அலுவலகத்தில் நேர்காணல். பார்வைக்கு ஒன்றுபோலிருந்த இரண்டு படங்களைக் கொடுத்து வித்தியாசங்களைக் குறிக்கச் சொன்னார்கள். ஏழு குறித்தேன். விடைத்தாளில் ஆறுதான் இருந்தது. ஏழாவதைக் காட்டினேன், பார்த்துவிட்டு விடைத்தாளைத் திருத்திக்கொண்டார்கள்.

அதனால்தானோ என்னவோ, அரை வருடத்தில் என்னைச் சரிபார்ப்பவராக ஆக்கிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் குறிப்பதை எல்லாம் நான் பார்ப்பேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எல்லோருக்கும் பொதுவாக வரும். நான் குறித்ததோடு மற்றவர்கள் குறித்தது எவ்வளவு பொருந்துகிறது என்று கணினி மதிப்பெண் போடும். எங்கள் டீம் லீடர் முப்பது வயது தாண்டாதவர், பொறியியல் படித்தவர். "மேடம் பண்றதுதான் கோல்ட்" என்பார். என் குறி தங்கம். மற்றதை அதில் உரசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எழுபதுக்குக் கீழே நான்கு வாரம் தொடர்ந்து வாங்கினால் வேலை இல்லை.

என் கையில் ஒரு விதி இருந்தது. யாரும் சொல்லித் தந்ததல்ல, நானே கொண்டுவந்தது. பத்திரிகையில் ஒரு தகவல் உறுதியாகத் தெரியவில்லை என்றால் அதை எடுத்துவிடுவோம். இறந்தவர் வயது நாற்பத்திரண்டா நாற்பத்து நான்கா என்று சந்தேகம் வந்தால் வயதே வேண்டாம். வராத செய்திக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை. அதே விதிப்படி மூளையிலும் குறித்தேன். திட்டுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் சிவப்பு. இல்லையென்றால் அடுத்த அடுக்கு.

என் பக்கத்து இருக்கையில் இருப்பவள் எனக்கு ஒன்றரை வருடம் பின்னால் வந்தாள். செங்கம் பக்கத்துக் கிராமம், நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். பி.எஸ்சி. கணிதம். படித்து முடித்ததும் வேலை கிடைக்காமல், ஊருக்குப் பக்கத்தில் வேர்க்கடலை உடைக்கும் ஷெட்டில் ஆறு வருடம் பருப்பு பொறுக்கினாள். இப்போது வேங்கிக்காலில் வாடகை வீடு. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், மகள் ஏழாம் வகுப்பு. முதல் மாதம் அவள் குறித்ததில் நான் அழித்ததே அதிகம்.

"அக்கா, போட்டது எல்லாத்தயும் அழிச்சிட்டீங்களே."

"எல்லாத்தயும் அழிக்கல. ஆறுதான்."

"பேப்பர்ல இருந்தவங்க இல்ல. ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாலும் நாலு வரியா சுருக்கிடுவீங்க."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் சொன்னதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அப்போது யோசிக்கவில்லை.

பௌர்ணமி அன்று இந்த ஊரில் எந்த அலுவலகமும் முழுதாக நடக்காது. கிரிவலக் கூட்டத்துக்காக வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வருகிற எங்கள் ஆட்கள் வர முடியாது. ஊருக்குள் இருப்பவர்களுக்கும் வண்டி எடுக்க வழியில்லை. நடந்து வருகிற தூரத்தில் இருப்பது நானும் அவளும்தான். அப்படி ஒரு பௌர்ணமி காலையில் பதினெட்டு நோயாளிகளின் இரண்டாவது ஸ்கேன்கள் வந்து இறங்கின. சீக்கிரம் முடித்து அனுப்பும்படி மேலிடத்திலிருந்து செய்தி. டீம் லீடர் கோயிலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். ரமணாசிரமம் பக்கத்தில் வீடு. தெருவில் நகர முடியாமல் வீட்டிலிருந்தே போனில் பிரித்துக் கொடுத்தார்.

"ஒற்றைப்படை நம்பர் எல்லாம் அவங்களுக்கு, இரட்டைப்படை உங்களுக்கு மேடம். இந்த வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க."

ஒரு ஸ்கேனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வாரம் முழுக்க அந்தப் பட்டியல்படி உட்கார்ந்து முடித்தோம். இரண்டாவது ஸ்கேனைக் குறிக்கும்போது முதலாவதைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கை அதையே பார்த்து வரையும். அதனால் எந்த நோயாளியின் முதல் ஸ்கேனைப் போன வருடம் யார் குறித்தது என்று எங்களுக்குத் தெரியாது. டீம் லீடர் அந்த விவரத்தைப் பார்த்திருக்க முடியும். பௌர்ணமி நாளில், மாடியில் நின்று சிக்னல் தேடிக்கொண்டு போனில் வேலை பிரிக்கிற ஒருவர் அதைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை. ஆராய்ச்சிக் குழுவின் கதிரியக்க டாக்டர், ஐம்பது வயதுப் பெண்மணி, சென்னையிலிருந்து வாராவாரம் திரையில் வருவார். அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இந்த பேட்ச்ல ஆறு பேருக்கு ரொம்ப ஏறியிருக்கு. ஒரே வருஷத்துல எட்டு, ஒன்பதுன்னு புதுசு. ஆறு பேருக்குமே இப்படி வராது. அந்த ஆறையும் யார் பண்ணது?"

டீம் லீடர் தேடிப் பார்த்தார். "ஒருத்தரேதான் பண்ணியிருக்காங்க டாக்டர்."

பக்கத்து இருக்கையில் அவள் கையிலிருந்த மின்பேனாவை மேசைமேல் வைத்தாள். பிறகு எடுத்து மூடி போட்டாள். அந்தப் பேனாவுக்கு மூடி போட வேண்டிய அவசியமே இல்லை.

அழைப்பு முடிந்ததும் டீம் லீடர் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்கும் அளவுக்குத்தான்.

"மேடம், நீங்க ஒரு வாட்டி பாத்துட்டு ஒரு மெயில் போட்டுடுங்க. அவங்க ஓவரா மார்க் பண்றாங்கன்னு. ஸ்கோரும் மூணு வாரமா அறுபத்தி ரெண்டைத் தாண்டல. சனிக்கிழமை நாலாவது. அதுவும் அதான் வரப் போவுது."

"சனிக்கிழமை வரட்டும் தம்பி."

"வந்தா மட்டும்?"

மதியம் நானும் அவளும் டீ குடிக்கக் கீழே இறங்கினோம். டீக்கடையில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

"போச்சுக்கா."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"ரெண்டு நாள்ல கண்ண மாத்திக்க முடியுமா? எங்க நாத்தனார் ஸ்ரீபெரும்புதூர்ல செல்போன் கம்பெனில இருக்கா. அங்கியே ஹாஸ்டல். ஞாயித்துக்கிழமை ஊருக்கு வருவா. ஆள் எடுக்கறாங்க, வந்துடுன்னு போன வாரமே சொன்னா." டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பொண்ணுதான். வாரத்துக்கு ஒரு நாள் அம்மாவா இருந்தா, அதுக்குள்ள சோறு போடறதா, பாடம் சொல்லித் தர்றதா, திட்டறதா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அதிகமாகத்தான் குறிக்கிறாள் என்று நானும் நம்பினேன். நம்பியதை மறைத்துவிட்டு வேறு பேச எனக்கு வராது. டீக்கு நன்றாகச் சர்க்கரை போட்டிருக்கிறார்கள் என்றேன்.

மேலே போய் மின்னஞ்சலை எழுதினேன். நான்கு வரி. அனுப்பும் முன் பழைய பழக்கத்தில் கை நின்றது. ஒரு தரப்புப் புகார் வந்தால் மறு தரப்பையும் பார்க்காமல் நான் பக்கத்தை மூடியதில்லை. டாக்டர் சொன்னது ஆறு நோயாளிகளைப் பற்றி. வந்தது பதினெட்டு. மீதிப் பன்னிரண்டு பேருக்கு என்ன ஆயிற்று?

"தம்பி, அந்த பேட்ச்சோட முழு லிஸ்ட் அனுப்புங்க. முதல் ஸ்கேன் யார் பண்ணது, ரெண்டாவது யார் பண்ணதுன்னு ரெண்டு காலமும் வேணும்."

"அவங்க கம்ப்ளைன்ட் பண்ணது ஆறுதானே மேடம்?"

"கம்ப்ளைன்ட் பண்ணாததுதான் வேணும்."

பட்டியல் வந்தது. அச்செடுத்து, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். போன வருடமும் இந்தப் பதினெட்டையும் எங்கள் இருவருக்குள்ளேதான் பிரித்திருந்தார்கள். ஏழு பேருக்கு இரண்டு ஸ்கேனும் தற்செயலாக ஒரே கையில் அமைந்திருந்தன. அவர்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆறு பேருக்கு முதல் ஸ்கேன் நான் குறித்தது, இரண்டாவது அவள் குறித்தது. ஆறு பேருக்கும் நோய் ஏறியிருந்தது. மீதி ஐந்து பேருக்கு முதலாவது அவள், இரண்டாவது நான். அந்த ஐந்து பேருக்கும் நோய் இறங்கியிருந்தது. ஒருவருக்குப் பதினொரு திட்டுகள் காணாமலே போயிருந்தன. பழைய வடு அப்படிக் கூட்டமாக மறையாது. நல்ல செய்தி என்பதால் அதைப் பற்றி யாரும் போன் செய்யவில்லை.

அவள் கைக்குப் போனால் கூடுகிறது, என் கைக்கு வந்தால் குறைகிறது. நோயாளிகள் நடுவில் சும்மா இருந்தார்கள்.

இதுவரை பார்த்தால் அவள் அதிகம் என்றும் சொல்லலாம், நான் குறைவு என்றும் சொல்லலாம். பட்டியல் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் இருந்ததா என்றால், இல்லை. என் கண்ணை நம்பினேன். நம்புவதாக இருந்தால் சோதித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மின்னஞ்சலை அழித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அடுத்த பௌர்ணமி. வழக்கம்போல நாங்கள் இருவர் மட்டும். தெருவில் ஒலிபெருக்கி காணாமல் போனவர்களின் ஊரையும் சட்டை நிறத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. போன வருடம் நான் குறித்த ஒரு ஸ்கேனை எடுத்தேன். என் பழைய குறிகளை மறைத்துவிட்டு இருவர் கணினியிலும் ஏற்றினேன்.

"ஆளுக்கு ஒண்ணா பண்ணுவோம். பேசக் கூடாது. எட்டிப் பாக்கக் கூடாது."

"பரீட்சையா அக்கா?"

"ஆமாம். எனக்கும் சேத்து."

பன்னிரண்டே முக்காலுக்கு முடித்தேன். பதினான்கு திட்டுகள். போன வருடக் குறிகளைத் திறந்தேன்: அதே பதினான்கு, அதே இடங்கள். ஒரு வருட இடைவெளியில் ஒரு திட்டுகூடப் பிசகவில்லை. அவள் முடிக்கும் வரை கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றே காலுக்கு முடித்தாள். இருபத்து மூன்று.

என் பதினான்கும் அவளுடையதில் இருந்தன. கூடுதல் ஒன்பது. சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே திரையில் அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

"இது என்னாது?" என்றேன். மூளையின் வெளிமடிப்பு ஓரத்தில் எள்ளளவு வெளுப்பு.

"திட்டு மாதிரி இருந்துது."

"மாதிரியா, திட்டேவா?"

"சந்தேகமா இருந்துதுக்கா. அதான் போட்டேன்."

"சந்தேகமா இருந்தா ஏன் போடற?"

"சந்தேகமா இருந்தா எப்டிக்கா விடறது?"

ஸ்பூனைக் கீழே வைத்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"மல்லாட்டை ஷெட்டுல அப்டித்தான் பழக்கம். நல்ல கொட்டையா சொத்தையான்னு தெரியலன்னா யோசிக்கவே கூடாது, எடுத்து வெளிய போட்டுடணும். ஒரு கசப்புக் கொட்டை உள்ள போனா மூட்டையே திரும்பி வந்துடும். மேஸ்திரி வாயில விழ முடியாது."

"எங்க பேப்பர்லயும் தெரியலன்னா எடுத்துடணும்."

"சரியாப் போச்சு. நான் எடுத்தா கணக்குல ஏறுது. நீங்க எடுத்தா கணக்குலேந்து போயிடுது." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். "இத்தினி நாளா நம்ம ரெண்டு பேரும் மூளைய எங்க பாத்தோம்?"

ஒன்பது இடங்களையும் அடுக்கு எண்ணோடு எழுதி டாக்டருக்கு அனுப்பினேன். எது யார் குறித்தது என்று எழுதவில்லை. நான்கு மணிக்கு அவரே அழைத்தார். திரையில் இல்லை, போனில்.

"ஒன்பதுல அஞ்சு நெஜமான லீஷன், திட்டேதான். வெளி மடிப்பு ஓரத்துல இருக்கே, அதெல்லாம். அத விடவே கூடாது, இந்த நோய்ல அது முக்கியமான இடம். மீதி நாலு நார்மல். நடுவுல தண்ணி நிக்கற அறைங்க இருக்கில்ல, அதோட நுனியில தொப்பி மாதிரி வெள்ளையா தெரியும், பல பேருக்கு இருக்கும். யாரு எத விட்டது?"

"அஞ்சை விட்டது நான் டாக்டர். நாலை ஜாஸ்தியா போட்டது பக்கத்துல இருக்கறவங்க."

போன வருடம் நான் குறித்த ஸ்கேன்தான் அது என்பதையும் சொன்னேன்.

"பழைய குறியோட ஒத்துப் போச்சா?"

"அப்படியே ஒத்துப் போச்சு. அஞ்சையும் போன வருஷமும் விட்டிருக்கேன்."

"சரி. ஒரே மாதிரி தப்பு பண்றவங்கள வெச்சு வேலை பாக்கலாம். ஆள மாத்தி மாத்திக் குடுத்ததுதான் பிரச்சினை. குட்டை ஸ்கேலா இருந்தாலும் ரெண்டு தடவையும் அதே ஸ்கேல்ல அளக்கணும்."

உண்மையான எண்ணிக்கை பத்தொன்பது. என் பதினான்கு ஐந்து குறைவு. அவளுடைய இருபத்து மூன்று நான்கு அதிகம். என் தங்கத்தில் உரசித்தான் அவளுக்கு அறுபத்திரண்டு போட்டுக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை எல்லோரும் வந்திருந்தார்கள். டீம் லீடரிடம் அச்செடுத்த பட்டியலையும் டாக்டர் சொன்னதையும் வைத்தேன். படித்து முடித்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்போ மேடம், கோல்ட்..."

பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்தது. "கவரிங்கா சார்? மூணு வாரமா கவரிங்ல உரசியா எனக்கு மார்க் போட்டீங்க?"

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு நாலாவது வாரம் இன்னும் பாக்கி இருந்தது.

"இத குழுவுக்கு எழுத்துல குடுக்க வேண்டாம் மேடம்," என்றார் டீம் லீடர். "நாமளே உள்ள சரி பண்ணிக்கலாம். எழுதுனா, போன வருஷம் அனுப்புன எல்லாத்தயும் கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் பண்ணது எல்லாம் ஒரே மாதிரிதான் குறைஞ்சிருக்கும். எங்க விட்டிருப்பேன்னு இப்ப தெரியும். தேடறது சுலபம்."

"கான்ட்ராக்ட் போயிடுச்சின்னா?"

"தம்பி, திருத்தம் போட்ட பேப்பரை வாங்க மாட்டேன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. திருத்தம் போடாத பேப்பரைத்தான் பேசுவாங்க."

அவர் சம்மதித்தாரா என்று காத்திருக்கவில்லை. என் இருக்கையில் உட்கார்ந்து எழுதினேன். பத்திரிகையில் திருத்தம் எழுத ஒரு முறை உண்டு: எது தவறாக வந்தது, எது சரி, யாருக்குப் பாதிப்பு, இவை மூன்றும்தான். வருத்தம் கடைசியில், ஒரு வரி. நான் எழுதியதும் அப்படித்தான். வெளிமடிப்பு ஓரத்துத் திட்டுகளைச் சரிபார்ப்பவராகிய நான் தொடர்ந்து விட்டிருக்கிறேன். ஒப்பிடப்பட்ட பதினொரு நோயாளிகளின் மாற்றம் கை மாறியதால் வந்திருக்கலாம். என்னை அளவாக வைத்து மற்றவர்களுக்குப் போட்ட மதிப்பெண்கள் செல்லாது. மதிப்பெண் பற்றிய வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டேன். அதற்காகத்தான் அந்தக் கடிதமே.

பொது ஸ்கேனை அன்று யாருக்கும் கொடுக்கவில்லை. டாக்டர் தானே மூன்று ஸ்கேன்களைக் குறித்து அனுப்ப மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவள் நாத்தனாரின் போனை எடுக்கவில்லை. "எடுத்தா பதில் சொல்லணும்" என்றாள். டாக்டரின் ஸ்கேன்களோடு எழுத்தில் விதிகளும் வந்தன. மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு அடுக்கிலாவது தெரிய வேண்டும். நீர் அறைகளின் நுனித் தொப்பிகளைத் தொடாதே. வெளிமடிப்பு ஓரத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகாதே. மூன்றாவது அவளுக்கு, நான்காவது எனக்கு என்று எடுத்துக்கொண்டோம்.

டாக்டரின் அளவை வைத்து அலுவலகத்தில் பதினோரு பேருக்கும் மறுபடி மதிப்பெண் வந்தது. அவளுக்கு எழுபத்தெட்டு. எனக்கு எழுபத்து நான்கு. டீம் லீடர் என் எண்ணை வாசிக்கும்போது இருமினார். அன்று மதியம் டீக்கடையில் அவள் உட்கார்ந்து குடித்தாள். நாத்தனாருக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

"இல்லம்மா, இங்கியே இருந்துக்கறேன். ஆமா. ஆமா, அதே மூளைதான்."

சரிபார்ப்பவர் பதவியை நான் விடவில்லை. விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. விடுவது எந்தப் பக்கம் என்று தெரிந்த கண் மற்றவர்கள் விடுவதையும் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினேன். வேலைப் பட்டியலில் ஒரு காலம் சேர்த்தேன்: முதல் ஸ்கேன் யார் கை. அதே கைக்குத்தான் இரண்டாவதும் போக வேண்டும். பௌர்ணமி வந்து ஆள் வராவிட்டால், அந்த நோயாளியின் படம் ஆள் வரும் வரை காத்திருக்கும்.

கை மாறிய பதினொரு நோயாளிகளின் படங்களையும் மறுபடி செய்தோம். இந்த முறை ஒவ்வொருவரின் இரண்டு ஸ்கேனும் ஒரே கையில், புது விதிப்படி. நோய் இறங்கியதாகச் சொன்ன ஐந்து பேருக்கும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. ஏறியதாகச் சொன்ன ஆறு பேரில் ஐந்து பேருக்கு ஒன்றும் புதிதாக இல்லை. ஒவ்வொன்று முடிந்ததும் அவள் எண்ணைச் சொல்லி, "இவருக்கு ஒண்ணும் ஏறல" என்பாள். யாரோ கேட்டுக்கொண்டு வெளியே நிற்பது போல.

ஆறாவது, பதினேழாம் எண். அதை முடித்துவிட்டு அவள் வழக்கம்போல எண்ணைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "அக்கா, இத நீங்களும் ஒரு வாட்டி பண்ணுங்க. ரெண்டையும்" என்றாள்.

செய்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு முடிந்தது. என்னுடையதில் முதல் ஸ்கேன் பதினைந்து, இரண்டாவது பதினெட்டு. அவளுடையதைத் திறந்தேன். பதினாறு, பத்தொன்பது. எங்கள் எண்கள் இன்னும் ஒன்றாகவில்லை. ஆனால் வித்தியாசம் இருவருக்கும் மூன்று. அந்த மூன்றும் அதே இடங்களில் இருந்தன.

"என் தப்பாவே இருந்திருக்கலாம்க்கா," என்றாள்.

அவள் வேலை இனிப் போகாது என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்த பிறகுதான் இப்படிச் சொன்னாள்.

மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல். ஒவ்வொன்றும் அடுத்தடுத்து மூன்று, நான்கு அடுக்குகளில் தெரிந்தது. விட்டுவிடவோ அழித்துவிடவோ அதில் இடம் இல்லை.

"அனுப்பும்மா," என்றேன். அனுப்பினாள். கீழே டைல்ஸ் அறுக்கத் தொடங்கினார்கள். எழுந்து போய்ச் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுத்த எண்ணைத் திறந்தேன்.